பில் வாடிக்கையாளர் கையில் இருக்கிறது, கணினியில் இல்லை: கரண்ட் போனால் டிஸ்க்கில் எழுதியது நிற்குமா?

கரிசல்காடு · திங்கள், இரவு 11.20

வணக்கம். கோவில்பட்டியில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். கம்பெனி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நானும் ஒரு பையனும்தான். மொத்தம் பதினோரு இடத்தில் ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கே தப்பு என்று யாராவது காட்டினால் புண்ணியமாகப் போகும்.

மளிகைக் கடை. முன்னால் இரண்டு கவுன்டர். உள்ளே அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு கணினி, டேட்டாபேஸ் அதில்தான். உபுண்டு லினக்ஸ், எஸ்கியூலைட் (சின்ன டேட்டாபேஸ் மென்பொருள்), சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் எழுதும் டிஸ்க்). யூபிஎஸ் உண்டு, ஆனால் பேட்டரி மாற்றி நாலு வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். அன்றைக்கு சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது, பத்து நிமிஷத்தில் வந்தது. கணினியைப் போட்டார்கள், எந்தக் குறையும் சொல்லாமல் ஓடியது, பில் போட்டார்கள், கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரு அம்மா நல்லெண்ணெய் டின் ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுக்க வந்தார். பில் எண் 4217. கணினியில் 4217 என்று தட்டினால் உளுந்து இரண்டு கிலோ, மிளகாய் வற்றல் அரைக் கிலோ என்று வேறு யாரோ வாங்கிய சாமான் வருகிறது. அம்மா கையில் இருக்கும் காகிதத்தில் நேரம் 6.44. கணினியில் இருக்கும் 4217க்கு நேரம் 6.58. அண்ணாச்சி போனில், "ஏ தம்பி, ஒரே நம்பர்ல ரெண்டு பேருக்கு பில்லு குடுத்துருக்கே உன் மிஷினு. நாளைக்கு ஆபீசர் வந்தா நீ வந்து பதில் சொல்லுதியா?" என்றார். ஒரு நிதியாண்டுக்குள் ஜிஎஸ்டி பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தோண்டிப் பார்த்ததில் 4217, 4218, 4219 மூன்றும் காணவில்லை. மூன்றுமே கரண்ட் போவதற்கு முந்தைய அரை நிமிஷத்தில் போட்டவை. 4218க்கு யூபிஐயில் 612 ரூபாய் வந்து சேர்ந்திருக்கிறது. பணம் இருக்கிறது, பில் இல்லை.

எனக்குப் புரியாத இடம் இதுதான். என் நிரலில் கமிட் (பில்லை டேட்டாபேஸில் உறுதியாகப் பதிக்கும் கட்டளை) முடிந்து 'ஓகே' வந்த பிறகுதான் பிரின்டருக்கே போகும். காகிதம் வெளியே வந்திருக்கிறது என்றால் கமிட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு எப்படிக் காணாமல் போகும்? டேட்டாபேஸும் கெடவில்லை, சோதனை ஓட்டினால் எல்லாம் நலம் என்கிறது.

கூடவே இன்னொன்று. மூன்று மாதத்துக்கு முன் ஊருக்கு வெளியே ஒரு எடைமேடையில் இதேபோல் கரண்ட் போனபோது, அங்கே டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. 'டிஸ்க் இமேஜ் மால்ஃபார்ம்டு', அதாவது கோப்பே கெட்டுப்போயிருக்கிறது என்று நின்றுவிட்டது. முந்தைய நாள் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். ஒரு நாள் லாரி எடையைச் சீட்டின் அடிக்கட்டையைப் பார்த்து நானே உட்கார்ந்து ஏற்றினேன். 83 லாரி.

டிஸ்க் 'எழுதியாகிவிட்டது' என்று சொன்னால் அதை நம்பலாமா, கூடாதா?

வேலு_76 · செவ்வாய், காலை 7.05

புது யூபிஎஸ் பேட்டரி போடுங்கள். முடிந்தது கதை.

கரிசல்காடு · செவ்வாய், காலை 7.40

போடத்தான் போகிறேன் வேலு சார். ஆனால் போன தீபாவளிக்கு அதே கடையில் கூட்டுகிற அம்மா விளக்குமாற்றால் ப்ளக்கை இழுத்துவிட்டார். யூபிஎஸ்ஸுக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள ப்ளக். அதற்கு எந்த பேட்டரி போடுவது?

பேரேடு · செவ்வாய், மதியம் 1.15

இரண்டும் ஒரே வியாதி இல்லை. கடையில் நடந்தது இழப்பு, எடைமேடையில் நடந்தது கேடு. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கடை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: எஸ்கியூலைட் டிஸ்க்கில் எப்படி, எவ்வளவு உறுதியாக எழுத வேண்டும் என்ற அமைப்பை ஜர்னல் மோடு வால் (WAL), சிங்க்ரனஸ் நார்மல், இப்படியா வைத்திருக்கிறீர்கள்?

கரிசல்காடு · செவ்வாய், மதியம் 1.32

ஆமாம். வேகமாக ஓடும் என்று எங்கேயோ படித்துப் போட்டது. எடைமேடையில் பழைய பதிப்பு. அதில் வால் இல்லை, சாதா ஜர்னல், சிங்க்ரனஸ் ஃபுல். அதனால்தான் குழப்பமே. பத்திரமான அமைப்பு வைத்த இடத்தில் டேட்டாபேஸ் செத்தது, வேகமான அமைப்பு வைத்த இடத்தில் உயிரோடு இருக்கிறது.

பேரேடு · செவ்வாய், மாலை 6.50

நினைத்தேன். அலுவலக நேரத்தில் எழுத முடியவில்லை, இப்போது விரிவாகச் சொல்கிறேன். வங்கி சம்பந்தப்பட்ட டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை, பதினாறு வருஷமாக.

நீங்கள் 'எழுது' என்று சொன்னதும் எழுத்து போய் நிற்கும் இடங்கள் மூன்று. முதலில் கர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் நினைவகம். அப்புறம் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம், அதாவது ரைட் கேஷ். கடைசியாகத்தான் தட்டு அல்லது ஃபிளாஷ். சாதாரணமாக எழுதினால் முதல் இடத்தில் போட்டுவிட்டு 'ஆச்சு' என்று திரும்பிவிடும். லினக்ஸ் ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, முப்பது விநாடிக்கு மேல் கிடப்பில் இருப்பதைக் கீழே தள்ளும். இயல்பு அமைப்பு அதுதான். உங்கள் மூன்று பில் 'அரை நிமிஷத்துக்குள்' போனது தற்செயல் இல்லை, பாருங்கள்.

உடனே கீழே தள்ளு என்று கட்டாயப்படுத்துவதுதான் எஃப்சிங்க். கர்னலில் கிடப்பதை டிஸ்க்குக்கு அனுப்பி, உன் கேஷில் இருப்பதையும் இறக்கு என்று டிஸ்க்குக்கு ஃபிளஷ் கட்டளை கொடுத்து, அது முடிந்தபின் திரும்பும். (ஆப்பிள் மேக்கில் சாதா எஃப்சிங்க் இந்தக் கடைசிப் படியைச் செய்யாது, அதற்கு ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். மேக்கில் சோதித்துவிட்டு 'அடடா என்ன வேகம்' என்று சொல்பவர்களைக் கண்டால் இதைக் கேளுங்கள்.)

வால் என்பது வேறொன்றும் இல்லை, நம் பழைய கணக்குப்பிள்ளை முறை. வரவு செலவை முதலில் சிட்டையில் வரிசையாக எழுதுவார், ஓய்வாக உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார். சிங்க்ரனஸ் நார்மல் என்றால் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றும்போது மட்டும்தான் எஃப்சிங்க். ஒவ்வொரு கமிட்டுக்கும் கிடையாது. ஏற்றுவது சிட்டையில் ஆயிரம் பக்கம் சேர்ந்தால்தான். இடைப்பட்ட கமிட் எல்லாம் கர்னல் எப்போது தள்ளுகிறதோ அப்போதுதான் டிஸ்க்குக்குப் போகும். உங்கள் 4217, 4218, 4219 மூன்றும் நினைவகத்திலேயே இருந்து செத்தன. கமிட் ஆனது உண்மை, டிஸ்க்குக்குப் போனது பொய்.

டேட்டாபேஸ் ஏன் கெடவில்லை? சிட்டையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை உண்டு. திறக்கும்போது எஸ்கியூலைட் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, தொகை ஒத்துவராத இடத்தில் நிறுத்திவிடும். 4216 வரை சரி, அதற்குப் பின் எழுதவே இல்லாததுபோல. அதனால்தான் குறை சொல்லாமல் ஓடி, அடுத்த பில்லுக்கு மறுபடியும் 4217 கொடுத்தது. இது எஸ்கியூலைட்டின் பிழை இல்லை, அவர்கள் ஆவணத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்: வாலும் நார்மலும் சேர்ந்தால் கரண்ட் போகும்போது கடைசி கமிட்டுகள் பின்வாங்கக்கூடும், டேட்டாபேஸ் கெடாது.

ஃபுல் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் சிட்டை டிஸ்க்கில் இறங்கும். ஒரு பில்லுக்குச் சில மில்லி விநாடி கூடும். உங்கள் பிரின்டர் காகிதத்தைத் தள்ளவே அதைவிட நேரம் எடுக்கும்.

எடைமேடைதான் எனக்கு உறுத்துகிறது. சாதா ஜர்னலில் வரிசை முக்கியம். பழைய பக்கத்தின் நகல் ஜர்னலில் எழுதப்பட்டு, அது டிஸ்க்கில் இறங்கியது உறுதியான பிறகே டேட்டாபேஸில் கை வைக்கும். நடுவில் கரண்ட் போனால் நகலை எடுத்துப் பழையபடி ஆக்கிவிடலாம். அந்த உறுதிமொழியை யாராவது பொய்யாகக் கொடுத்தால், நகல் இறங்குவதற்கு முன்பே டேட்டாபேஸில் பாதி மாறியிருக்கும். திரும்பவும் முடியாது, முன்னே போகவும் முடியாது. அங்கே என்ன டிஸ்க்?

கரிசல்காடு · செவ்வாய், இரவு 9.10

நெஞ்சில் பால் வார்த்தீர்கள் சார். ஃபுல் என்று மாற்றிவிட்டேன். என் மேசையில் அளந்தேன்: கமிட் முன்பு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு, இப்போது ஆறு.

எடைமேடையில் இருப்பது பழைய கணினி. உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டது என்று ஒரு பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வெளியே தொங்கவிட்டிருக்கிறார் உரிமையாளர். டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுற்று. பெட்டி தெருவோரத்தில் வாங்கியது, பெயர்கூட அழிந்துபோய்விட்டது.

பேரேடு · செவ்வாய், இரவு 9.35

அப்படியானால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 5400ஐ அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 90 சுற்று. ஒரே இடத்தில் எழுதி, எஃப்சிங்க் செய்து, மறுபடியும் அதே இடத்தில் எழுத வேண்டும் என்றால் அந்த இடம் தலைக்கு அடியில் திரும்பி வர வேண்டும். ஆக விநாடிக்கு 90 தடவைக்கு மேல் நடக்க வழியே இல்லை. பத்து வரி பைத்தானில் ஒரு சுழல் எழுதி, நாலு கிலோபைட்டை அதே இடத்தில் எழுதி எஃப்சிங்க் செய்து எண்ணிப் பாருங்கள். 90க்குக் கீழே வந்தால் யோக்கியன்.

கரிசல்காடு · புதன், மதியம் 12.25

இப்போது எடைமேடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விநாடிக்கு 1,870.

பேரேடு · புதன், மதியம் 12.31

திருடன் அகப்பட்டான். அந்தத் தட்டு அத்தனை வேகம் சுற்றினால் பெட்டியோடு சேர்ந்து பறந்துவிடும். ஃபிளஷ் கட்டளையை டிஸ்க்குக்கு அனுப்பாமல் பெட்டியே 'ஆச்சு' என்று பதில் சொல்கிறதா, இல்லை டிஸ்க் பொய் சொல்கிறதா என்று பிரிக்க வேண்டும். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக சாட்டா கேபிளில் மாட்டி, அதே நிரலை ஓட்டுங்கள்.

கரிசல்காடு · புதன், மாலை 5.48

நேராக மாட்டினால் 43. பெட்டிதான்.

சால்டர் · புதன், இரவு 10.15

சுவாரசியமாகப் போகிறது, நானும் வருகிறேன். சென்னை ரிச்சி தெருவில் டிஸ்க் பழுது பார்ப்பவன். செத்த டிஸ்க்கிலிருந்து கல்யாண போட்டோ எடுத்துக் கொடுத்துதான் என் பிள்ளைகள் படிக்கின்றன.

ஹார்ட் டிஸ்க் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்ணியமான ஜாதி. கரண்ட் போனாலும் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தலையைப் பத்திரமாக ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கேஷில் இருந்தது போகும், ஏற்கெனவே தட்டில் இறங்கியது பெரும்பாலும் இருக்கும்.

எஸ்எஸ்டி அப்படி இல்லை. நீங்கள் 'பத்தாவது இடத்தில் எழுது' என்றால் அது பத்தாவது இடத்தில் எழுதாது. காலியாக எங்கே இருக்கிறதோ அங்கே எழுதிவிட்டு, 'பத்து இப்போது இங்கே' என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அந்த அட்டவணை சேதமானால் உங்கள் மூன்று பில் மட்டும் இல்லை, போன வருஷத்து பில்லும் சேர்ந்தே போகும். இன்னொரு கொடுமை: ஒரே செல்லில் இரண்டு பிட், மூன்று பிட் வைக்கும் ஃபிளாஷில், ஒரு செல்லின் பிட்டுகள் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவை. இரண்டாவது பக்கத்தை எழுதும்போது கரண்ட் போனால், முன்பே எழுதி முடித்து எஃப்சிங்க்கும் ஆன முதல் பக்கம் கெடலாம். நீங்கள் தொடவே இல்லாத எழுத்து கெடும். இதற்கெல்லாம் ஃபர்ம்வேரில் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தற்காப்பு வைப்பார்கள். வைத்தது நன்றாக வேலை செய்கிறதா என்பது நம் ஊர்ல கரண்ட் போகும்போதுதான் தெரியும்.

2013இல் ஃபாஸ்ட் என்ற சேமிப்புத் தொழில்நுட்ப மாநாட்டில் ஒரு ஆய்வு வந்தது. 15 எஸ்எஸ்டிகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்பக் கரண்டை நிறுத்திப் பார்த்தார்கள். 13 ஏதோ ஒரு விதத்தில் தப்பு செய்தன. சிலவற்றில் எழுத்து பாதியில் நின்றது, சிலவற்றில் வரிசை மாறியது, ஒன்று மொத்தமாகச் செத்தே போனது. அது பழைய தலைமுறைதான், இன்றைய டிஸ்க்குக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் விலையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

சர்வர்களுக்கான எஸ்எஸ்டியைப் பிரித்தால் போர்டு ஓரத்தில் டான்டலம் கெப்பாசிட்டர் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மஞ்சளாகவோ கறுப்பாகவோ. கரண்ட் போனதும் அதில் தேங்கியதை வைத்துக் கேஷையும் அட்டவணையையும் இறக்கி முடித்துவிடும். வாங்கும்போது 'பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்' என்று விவரத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சர்வரோகநிவாரணி என்று நினைக்காதீர்கள். 2011இல் இன்டெல் 320 வரிசையில் கெப்பாசிட்டர் உண்டு. அப்படி இருந்தும் கரண்ட் போய் வந்தால் சில டிஸ்க்குகள் தங்கள் கொள்ளளவு 8 எம்பி என்று காட்டின. உள்ளே இருந்த எதையும் எடுக்க முடியாது. இன்டெல் புது ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தது. கெப்பாசிட்டர் கரண்டைக் காப்பாற்றும், ஃபர்ம்வேர் எழுதியவரின் கைப்பிழையைக் காப்பாற்றாது.

வேலு சார் சொன்னதையும் தள்ள வேண்டாம். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்க ஸ்விட்ச் 'யூபிஎஸ் மோடு' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற பக்கத்தில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் கணினி அணைந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கரண்ட் போனபின் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. மலிவானது அதையும் பிடிக்காது.

பேரேடு · வியாழன், காலை 8.20

சால்டர் சொல்வதோடு ஒன்று. பாதியில் நின்ற எழுத்து என்பது பெரிய டேட்டாபேஸ்களுக்கும் பழைய தலைவலிதான். மைஎஸ்கியூலில் ஒரு பக்கம் 16 கிலோபைட், போஸ்ட்கிரஸில் 8. டிஸ்க் ஒரே மூச்சில் எழுதுவதாக நம்பக்கூடியது 512 பைட் அல்லது 4 கிலோபைட்தான். அதனால் முதலாவது ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடத்தில் எழுதுகிறது. இரண்டாவது ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் (சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவது) பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது முழுப் பக்கத்தையும் சிட்டையில் வைத்துக்கொள்கிறது. 'இரண்டு தடவை எழுதுகிறதே, வீண்' என்று அதை அணைத்து வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது வேறு வேலை பார்க்கிறார்.

இன்னொன்று, எஃப்சிங்க் பிழை என்று திரும்பினால் மறுபடி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, இரண்டாவது முறை சரி என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள். லினக்ஸில் முதல் பிழையோடு அந்த எழுத்தைக் கைகழுவிவிடக்கூடும். 2018இல் போஸ்ட்கிரஸ்காரர்கள் இதைக் கண்டு ஆடிப்போய், அதற்குப் பிறகு பிழை வந்தால் டேட்டாபேஸையே நிறுத்தி, சிட்டையிலிருந்து திரும்ப எழுப்பும்படி மாற்றினார்கள். உங்கள் நிரலில் அந்த இடத்தில் 'மீண்டும் முயற்சி' வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கரிசல்காடு · ஞாயிறு, இரவு 9.55

எடுத்துவிட்டேன். வைத்திருந்தேன், மூன்று தடவை முயற்சி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை முழுக்க ப்ளக் இழுத்தோம். பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற பழைய பெர்ல் நிரல் கிடைத்தது. ஒரு கணினி எழுதி, எஃப்சிங்க் ஆனதும் 'இது முடிந்தது' என்று நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்குச் சொல்லும். கரண்டைப் பிடுங்கி, மறுபடி போட்டபின், சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று அந்தக் கணினியைச் சாட்சி வைத்துச் சரிபார்க்கும். சாட்சி வேறு வீட்டில் இருந்தால்தான் சாட்சி, நல்ல யோசனை. பையன் சுவிட்ச் பக்கம், நான் திரைப் பக்கம். 'இப்ப!' என்றால் அணைப்பான். மதியத்துக்கு மேல் அவன் சலித்துப்போய் நான் சொல்வதற்கு முன்பே அணைக்க ஆரம்பித்தான், சோதனைக்கு அது இன்னும் நல்லது.

கடையில் இருப்பதுபோன்ற அதே மாடல் எஸ்எஸ்டி: இருபது தடவை, ஒரு பிழைகூட இல்லை. யூஎஸ்பி பெட்டி: மூன்றாவது தடவையிலேயே முடிந்ததாகச் சொன்ன எழுத்தில் பலது இல்லை. பெட்டியை எடுத்துவிட்டு நேராக மாட்டி இருபது தடவை: பிழை இல்லை. எடைமேடையில் இப்போது டிஸ்க் கேபிளில்தான் தொங்குகிறது, மூடி இல்லாமல். தூசி வராமல் இருக்க உரிமையாளர் ஒரு மஞ்சள் பையைப் போர்த்தியிருக்கிறார். சூடாகும் என்று சொல்லி இரண்டு தடவை எடுத்தேன், திரும்பவும் போர்த்திவிட்டார்.

கடையில் யூபிஎஸ் பேட்டரி மாற்றியாயிற்று. ப்ளக்கைக் கூட்டுகிற அம்மாவுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றியாயிற்று. காணாமல் போன மூன்று பில்லில் 4217 அந்த அம்மாவிடமிருந்தும், 4218 யூபிஐ செய்தியிலிருந்தும் கிடைத்தன. 4219 யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. மூன்று எண்ணும் மறுபடி வேறு ஆட்களுக்குப் போயிருப்பதால் என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன்.

சால்டர் · ஞாயிறு, இரவு 10.30

இருபது தடவை பிழை இல்லை என்றால் இருபது தடவை பிழை இல்லை, அவ்வளவுதான். டிஸ்க் நிரம்பி, உள்ளே பழைய இடங்களைத் துப்புரவு செய்துகொண்டிருக்கும்போது அணைத்துப் பாருங்கள், அப்போதுதான் அட்டவணையில் கை இருக்கும். ராத்திரி பேக்கப் ஓடுவதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். எனக்கு அனுப்புங்கள், உள்ளே என்ன சிப் என்று பார்க்க ஆசை.

கரிசல்காடு · ஞாயிறு, இரவு 10.41

அனுப்புகிறேன் அண்ணா. கொரியர் காசு யார் தருவது?

சால்டர் · ஞாயிறு, இரவு 10.44

பெட்டி விலை என்ன?

கரிசல்காடு · ஞாயிறு, இரவு 10.45

நூற்றிருபது ரூபாய். கொரியர் அதைவிட அதிகம்.